அத்தானின் முள்

எஸ்தெபெஸ் அத்தான் வண்டியில் ஏறியதும் முதலில் கண்ணாடியைத் திருப்புவார். பின்னால் வரும் லாரியைப் பார்க்க அல்ல. பின்சீட்டில் இருப்பவர்களின் வாயைப் பார்க்க. ஓஷ் நகர ஸ்டாண்டிலிருந்து கிளம்புமுன் எல்லாரும் உள்ளங்கை விரித்து, பயணம் நல்லபடி முடிய "ஓமின்" சொல்லி முகத்தைத் தடவிக்கொள்வது எங்கள் வழக்கம். அந்தக் கைகள் இறங்கியதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

அவருக்குக் காது போய்விட்டது. எனக்கும் என் அக்காவுக்கும் மட்டுந்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அன்றைக்கே லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எந்த இழவும் தெரியாத மனிதர். யார் என்ன சொன்னாலும், கேட்டதோ இல்லையோ, "போடா ஆட்டுத்தலையா" என்பார். பாதி நேரம் பொருந்திவிடும். மச்சினன் நான் சும்மா இருப்பேனா? முதுகுக்குப் பின்னால் நின்று திட்டுவேன். ஒருமுறை திடீரென்று திரும்பி என் வாயில் ரொட்டியைத் திணித்தார்.

கணவாய் ஏறும்போது எஞ்சின் திணறுவது அவருக்குக் கேட்காது. எஞ்சின் வேகம் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்துத்தான் கியர் மாற்றுவார். கியர் தப்பினால் ஏறியிருக்கிற அத்தனை பேரோடும் பள்ளந்தான். போன வாரம் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியதிலிருந்து அந்த முள் செத்துக் கிடந்தது.

"டீசல் வண்டிக்கு முள்ளு எதுக்குண்ணே? காதுதான் இருக்கே!" என்றான் மெக்கானிக் ஜபார். ஸ்டாண்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அத்தான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீதானடா கழட்டுன? நீயே உயிர் குடு" என்றார்.

ஃப்யூஸ் சரி. மீட்டரும் சரி. கடைசியில் வண்டிக்கு அடியிலிருந்து, "அடச்சே, நாந்தான்!" என்று சத்தம் வந்தது. கியர்பாக்ஸை மாட்டும்போது முள்ளுக்குப் போகும் சென்சார் ஒயர் இடையில் சிக்கி நசுங்கியிருக்கிறது. வெட்டி ஒட்டினான். ஸ்டார்ட் பண்ணும்படி அடியிலிருந்தே கையை நீட்டி ஆட்டிவிட்டு, ஒயரை எஞ்சின் பெல்ட்டில் படாமல் ஒதுக்கிக் கட்ட ஆரம்பித்தான்.

அத்தான் சாவியைத் திருப்பினார். முள் துள்ளி எழுந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"அணைங்கண்ணே! கை! கை!"

இன்னும் மிதித்தார். எல்லாரும் கத்தினோம். அவர் கண் முள்ளை விட்டு நகரவில்லை. நான் பாய்ந்து சாவியைப் பிடுங்கினேன்.

"ஏறுது பாத்தியா மச்சான்!" என்றார், சந்தோஷமாக.

ஜபாரை வெளியே இழுத்தார்கள். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அந்த வலியிலும் அவன் ஒன்றுதான் கேட்டான்: "அவ்வளவு கத்துனேனே, கேக்கலையாண்ணே?"

அத்தான் அவன் உதட்டைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற எங்கள் ஒவ்வொருவர் வாயையும் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. கையை உயர்த்தி, கண்ணாடியைக் கூரை பக்கமாகத் திருப்பிவிட்டார்.