கிழங்கு உரிக்கப் போன பிள்ளைகளும் குட்டி டீச்சரும்

குட்டி, நீ போய்விட்டாய் என்று உன் அக்கா போனில் சொன்னபோது, நான் பள்ளிக்கூடத்து அடுப்படியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று உடப்புசல்லாவைக்கு உன் வீட்டுக்குப் போன பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன் என்றுதானே சொன்னாய். என்ன செய்வதென்று தெரியாமல் கழுவிய பருப்பையே மறுபடியும் கழுவினேன்.

குட்டியைத் தெரிந்தவர்களுக்கும், இனி அவளைப் போல ஆசிரியர் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாடு சமைக்கிறேன். குட்டி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் வீட்டில்தான் தங்கியிருந்தாள். ஆள் குள்ளம் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் குட்டி டீச்சர்.

முதல் நாள் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா பிள்ள? இனி இந்த வகுப்பு ஒன்னோடது" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனவர்தான். பிறகு வகுப்புப் பக்கம் வந்தது டீ கேட்கத்தான். குட்டி அடுப்படிக்கு வந்து, "அக்கா, மொத வாரம் பின்னால உக்காந்து அவங்க படிச்சுக் குடுக்கிறதப் பாக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. நான் யாரப் பாக்கிறது? நாற்காலியையா?" என்று சிரித்தாள். வரப்போகிற பிள்ளைகளே, இதை எதிர்பார்த்து வாருங்கள். விழா என்றால் தோரணம், சோடனை கட்டச் சொல்வார்கள், அவர்கள் எழுத வேண்டிய பாடக்குறிப்பையும் உங்களையே எழுதச் சொல்வார்கள்.

அவள் முகம் சுளிக்காமல் செய்தாள். ஆனால் அவளுக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. சாயந்தரம் லயம் லயமாக நடப்பாள். பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று கேட்க மாட்டாள். வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதுகிறது என்று கேட்பாள். வகுப்பில் பின் மூலை ஒழுகும். அங்கே இருந்த பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். என் மகள் தர்ஷினியும் அங்கேதான். குட்டி எல்லா மேசைகளையும் இழுத்து வேறு பக்கம் பார்த்துப் போட்டாள். "வகுப்பத் திருப்பிப் போட இதென்ன லயத்து வீடா?" என்றார் டீச்சர். "இல்லீங்க டீச்சர், லயத்துல ஒழுகினா சட்டியாவது வைப்பாங்க" என்றாள் இவள்.

காலையில் பாடம் தொடங்குமுன் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பாள். ஒரு பிள்ளை வெளியே நின்றாலும் சோக்குக்கட்டியைத் தொட மாட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்கள் பார்க்க வரும் நாளில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளைக் கிழங்கு உரிக்க என் அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். குட்டியின் பாடத்தைப் பார்த்து மார்க் போடக் கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்த அன்றும் அனுப்பினார்கள். அவள் வகுப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தாள். "எந்திரிங்கப்பா, பாடம் தொடங்கணும்" என்று, கிழங்கு மண் ஒட்டிய கையோடு அவர்களைக் கூட்டிப் போனாள்.

அன்றைக்கு வாசிப்புப் பாடம். என் மகளை எழுப்பினாள். தர்ஷினி "மழை பெய்ததால்" வரை வாசித்து நின்றுவிட்டாள். குட்டி அவசரப்படுத்தவில்லை, வேறு பிள்ளையைக் கேட்கவும் இல்லை. காத்துக்கொண்டு நின்றாள். மணி அடித்துவிட்டது. பாடம் முடியவில்லை, மறுபடியும் ஒரு நாள் நடத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள் வந்தவர்கள்.

"ஒனக்கு இந்தத் தொழில் சரிவராதும்மா" என்றார் பெரிய சேர், எங்கள் அதிபர். "சேர், அவங்க பாக்க வந்தது என் வகுப்ப. பாதிய அடுப்படியில வெச்சிட்டு எதக் காட்டுறது?" என்று கேட்டாளே தவிர, என்னிடம் வந்ததும் அழுதுவிட்டாள். "எங்க லயத்துல டீச்சராப் போற மொத ஆளு நாந்தான்க்கா. பெயிலுன்னா எங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" மறுநாள் காலையில் அதே வகுப்பு, அதே "எல்லாரும் வந்தாச்சா?" கேள்வி. அந்த மறு பாடத்துக்கு நாள் குறிப்பதற்குள் காய்ச்சல் வந்தது.

போன வாரம் அவளுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்குப் படம், கீழே 'எமது பாடசாலையின் ஒளிவிளக்கு' என்று எழுத்து. அதோடு விட்டார்களா? வகுப்பு டீச்சர் அடுப்படிக்கு வந்தார்.

"செல்வி, அந்தப் பிள்ளைகள அனுப்புறேன். கிழங்கு உரிக்க வெச்சுக்க. கல்வி ஆபீசிலருந்து ஆள் வர்றாங்க."

"குட்டி டீச்சரோட கூட்டத்துக்குங்களா?"

"ஆமா, அதுக்குத்தான். கேள்வி கேக்காத."

பிள்ளைகள் வந்து மண் கிழங்கைக் கையில் எடுத்தார்கள். அடுப்பை அணைத்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனேன். பெரிய சேர் மைக்கில், "ஒரு பிள்ளையையும் விட்டுவிடாத ஆசிரியை" என்று பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கூச்சமே இல்லாமல் அந்த வரியை இன்னொரு தரம் சொன்னார். பிள்ளைகள் மண் கையோடு போய்ப் பூப் போட்டார்கள்.

உன் சேலையும் குடையும் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் குட்டி. நான் வைத்துக்கொண்டது உன் கேள்வி ஒன்றுதான். இனி யார் அனுப்பினாலும் என் அடுப்படியில் ஒரு பிள்ளையும் கிழங்கு உரிக்காது. உன் கூட்டத்தன்றைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள், நீ ஒருத்திதான் இல்லை. "மழை பெய்ததால்" என்று நிறுத்தினாளே தர்ஷினி, மீதியை அவள் யாரிடம் வாசிப்பாள், குட்டி?