அம்மா நிற்கக் கேட்ட இடம்

1. கனடாவில் அண்ணாவுக்கு மகள் பிறந்தாள்.

2. குழந்தையைப் பார்க்கப் போவதற்கு அம்மாவுக்கு விசா கிடைத்தது. அகதியாகப் போன அண்ணாவால் இங்கே திரும்பி வர முடியாது. அம்மா போனால்தான் உண்டு.

3. அம்மா விமானத்தில் ஏறமாட்டேன் என்றார். ஒரு மாதம் கழித்து, “பாப்பம்” என்றார்.

4. கிளிநொச்சியில், குளக்கட்டுக்குக் கீழே உள்ள திறந்த வெட்டையில், இசைக்குழு நேரில் வாசிக்க அதற்கேற்ப நான்கு சிறிய விமானங்கள் வானத்தில் சாகசம் செய்யும் நிகழ்ச்சி ஏற்பாடானது. ஒலியமைப்பு வேலை எங்கள் கடைக்குக் கிடைத்தது. ஒலிகளைக் கலந்து அளவாக்கும் மிக்சரில் நான்.

5. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

6. அம்மா கொஞ்சம் தள்ளி நிற்கக் கேட்டார். நான் விடவில்லை.

7. மூன்றாவது உருப்படியின் நடுவில் ஒலி நின்றது. ஏறக்குறையப் பத்துச் செக்கன்.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் இப்படி இலக்கமிட்டு எழுதி வைப்பது என் பழக்கம். எந்த வயர் பழுது, எந்த மைக் இரைந்தது, அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்று கொப்பியில் எழுதி, கடை முதலாளியிடம் கொடுப்பேன். இந்த முறை அவரிடம் கொடுத்த தாளில் ஏழாவது மட்டுமே இருந்தது. காரணம் என்ற இடத்தில் “கை தவறியது” என்று எழுதினேன்.

எங்கள் வீடு நெடுங்கேணியில். அம்மா தோட்டத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, போடுகிறார். நான் வவுனியாவில் இலத்திரனியல் படித்துவிட்டு, அங்கேயே ஒலியமைப்புக் கடையொன்றில் வேலை செய்கிறேன். அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது. தோட்டத்தில் நின்றவர், விமானம் குண்டு போட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டில் இதற்குமேல் யாரும் கதைத்ததில்லை.

விமானம் ஒன்று எங்கள் ஊருக்கு மேலால் போனால் அம்மா செய்கிற வேலையை நிறுத்துவார். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தால் கையை எடுப்பார். ஃபான் சுற்றினால் எழுந்து போய் நிறுத்துவார். நான் பாட்டுப் போட்டிருந்தால் அதையும் நிறுத்துவார். சத்தம் தேய்ந்து முடியும்வரை அசையாமல் நிற்பார். அதைப் பயம் என்று நினைத்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த முறையில் அதைத் தீர்க்கப் பார்த்தேன். பயம் சத்தத்தால் வருகிறது. சத்தத்தை இன்னொரு சத்தத்தால் மூடலாம். விமானங்களை நல்ல இசையோடு ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தால் அம்மாவுக்குப் பழகிவிடும். பிறகு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிவிடலாம். கொப்பியில் இப்படித்தான் எழுதியிருந்தேன், அம்புக்குறிகள் போட்டு.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெல் புடைத்துக்கொண்டிருந்தார்.

“பிளேன் சத்தமே கேக்காது அம்மா. அம்பது பேர் வாசிக்கினம். நான் அதை ஸ்பீக்கரிலை ஏத்திவிடுவன். உங்களுக்குப் பாட்டு மட்டுந்தான் கேக்கும்.”

“கேக்காதோ?”

“துப்பரவாக் கேக்காது.”

“நீ எங்கை நிப்பாய்?”

“மிக்சரிலை. ஹெட்போன் போட்டுக்கொண்டு.”

அம்மா சுளகைக் கீழே வைத்தார்.

“அப்ப நானும் வாறன்,” என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோசம். அன்றைக்கே அண்ணாவுக்குத் தகவல் அனுப்பினேன்: அம்மா நிகழ்ச்சிக்கு வரச் சம்மதித்துவிட்டார், முதல் படி முடிந்தது.

நிகழ்ச்சியன்று கடை லொறியில் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இசைக்குழுவினர் வெள்ளைச் சட்டையோடு வியர்த்து, இசைத்தாள்கள் பறக்காமல் இருக்க உடுப்புக் கிளிப் குத்தியிருந்தார்கள். மேடையருகே பெரிய ஸ்பீக்கர்கள், கூட்டத்தின் நடுவில் இன்னும் இரண்டு கோபுரங்கள். ஒலி ஒரு செக்கனுக்கு முந்நூற்று நாற்பது மீற்றர் அளவில்தான் போகும். மேடையிலிருந்து வரும் ஒலி நடுவில் இருப்பவரை வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். அதனால் கோபுரங்களின் ஒலியையும் அதே அளவு தாமதிக்கவேண்டும். அளந்து, கணக்குப் பார்த்து, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும் இடத்தில் மிக்சரை வைத்தேன். அதற்கு இரண்டடி தள்ளி அம்மாவுக்குக் கதிரை போட்டேன். அந்த வெட்டையிலேயே இசை மிக நன்றாகக் கேட்கும் இடம் அது.

அம்மா கதிரையைப் பார்த்தார். பிறகு கயிற்று வேலிக்கு அப்பால் நின்ற ஒற்றைப் பனையைக் காட்டினார்.

“பிள்ளை, நான் அந்தப் பனையடியிலை நிக்கட்டே?”

“அங்கை ஒண்டும் கேக்காது அம்மா.”

“தள்ளி நிண்டு உன்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“என்ன வெக்கம் உங்களுக்கு? இதுதான் திறமான இடம். இருங்கோ.”

இருந்தார். சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கதிரையில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். கழுத்தில் செபமாலை, மடியில் பெரிய கைப்பை. மகள் ரிக்கெற் எடுத்துக் கொடுத்துக் கூட்டி வந்தாளாம். அவர் என் அம்மாவிடம் குனிந்து கேட்டார்:

“அக்கா, இதுக்குக் காசு குடுத்தே வந்தனீங்கள்?”

“இல்லை, என்ரை மகள் இதிலை வேலை.”

“நான் குடுத்து வந்தனான். முந்தி எங்களுக்குச் சும்மா காட்டினவங்கள், நாளுக்கு நாலுதரம்.”

“அப்ப வயலின் இல்லை,” என்றார் அம்மா.

இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் கனகாலம் கண்டதில்லை. எல்லாம் நான் எழுதியபடி நடக்கிறது என்று ஹெட்போனை மாட்டினேன்.

முதலிரண்டு உருப்படிகளும் மெல்லியவை. விமானங்கள் உயரத்தில் வெள்ளைப் புகையால் கோடு போட்டன. சனம் கைதட்டியது. இடையிடையே அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்க்கவில்லை. தலையை ஒருபக்கம் சரித்து, பிறகு மறுபக்கம் சரித்து இருந்தார். இசையை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது உருப்படியில் பறைகளும் ஊதுகருவிகளும் எல்லாம் சேரும் இடம் ஒன்று இருந்தது. அங்கே ஒலியை ஏற்றவேண்டும் என்று என் தாளில் குறித்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு: ஒரு விமானம் மட்டும் பின்னாலிருந்து, தாழ்வாக. சனத்தைத் திகைக்க வைப்பதற்காக அப்படி அமைத்திருந்தார்கள். நான் அதை வாசித்திருந்தேன். அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

முழு ஒலியையும் ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரலை வைத்து மேலே தள்ளினேன். கதிரைகளுக்கு மேலால் ஒரு நிழல் ஓடி வந்தது. அடுத்த கணம் என் சட்டைக் கழுத்தை யாரோ பிடித்தார்கள். அம்மா என்னை இழுத்து நிலத்தில் விழுத்தி, எனக்கு மேலே விழுந்தார். என் விரலோடு ஃபேடரும் கீழே வந்துவிட்டது. ஹெட்போன் கழன்று எங்கோ போனது.

ஸ்பீக்கர்கள் எல்லாம் ஊமையாகின. ஐம்பது பேரின் வாசிப்பு, யாருடையவோ வீட்டு வானொலி போலத் தூரத்தில் மெலிதாகக் கேட்டது. அதற்கு மேலே விமானத்தின் இயந்திர இரைச்சல் மட்டும் முழுசாகக் கேட்டது.

மேசைக்குக் கீழால் கதிரைக் கால்களுக்கிடையே எனக்குக் கூட்டம் தெரிந்தது. செபமாலை அம்மா குப்புறக் கிடந்தார், கைப்பை தலைக்கு மேலே. பட்டுச்சேலை உடுத்த ஒருவர் முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார். செவிப்பறை வெடிக்காமல் இருக்க அப்படிப் படுக்கவேண்டும் என்று எங்களுக்கு அந்த நாளில் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். வரிசை வரிசையாக, குறிப்பிட்ட ஒரு வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் நிலத்தில். இளசுகள் கையில் போனோடு நின்றபடி தங்கள் அம்மாமாரைக் கீழே பார்த்தார்கள்.

நான் அம்மாவுக்குக் கீழிருந்து நழுவி எழுந்து ஃபேடரை ஏற்றினேன். இசை திரும்பி வந்தது. சனம் எழுந்து மண்ணைத் தட்டியது. செபமாலை அம்மா, யாரும் கேட்காமலே, “சங்கிலி விழுந்திட்டுதெண்டு தேடினனான்,” என்றார். மகள் தலையாட்டினாள். அம்மா கதிரையில் போய் இருந்து, “நீ உன்ரை வேலையைப் பார்,” என்றார். அவரது முழங்கை உரசி இரத்தம் கசிந்தது. நிகழ்ச்சி முடியும்வரை என்னால் மிக்சரை விட்டு நகர முடியவில்லை.

திரும்பும் வழியில் லொறியில் முதலாளியும் இருந்ததால் நாங்கள் எதுவும் கதைக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா விதைக்கென்று கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து உடைத்தேன். காயத்துக்கு மருந்து போடவா என்று கேட்டதற்குப் பதில் வேறாக வந்தது.

“உன்ரை அப்பா தோட்டத்திலை தண்ணி இறைக்கிற மிசின் போட்டால் நான் வரம்பிலை தள்ளி நிப்பன்,” என்றார். “அப்ப எல்லாரும் அப்பிடித்தான். மண்ணெண்ணெயிலை ஓடுற மிசின், அதடியிலை நிக்கிறவருக்கு ஒண்டும் கேக்காது. ஒராள் தள்ளி நிண்டு காது குடுக்கோணும். பிளேன் இரைச்சல் வந்தால் சீலைத்துண்டைக் காட்டுவன். அவர் போட்டது போட்டபடி பங்கருக்கு ஓடி வருவார்.”

“அப்பா செத்த அண்டைக்கு?”

“அண்டைக்கு உனக்குக் காய்ச்சல். கஞ்சி தர வீட்டை போனனான்.”

இரண்டு மூன்று கச்சானை உடைத்தார்.

“பிறகும் அந்த மிசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது,” என்றார். “ஆரும் நிப்பாட்டேல்லை. எண்ணெய் முடியுமட்டும் ஓடினது.”

நான் உடைத்த பருப்பைச் சுளகில் தள்ளினேன். பிறகு, நேற்றைய நிகழ்ச்சிக்கு ஏன் வரச் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன்.

“நீ ஹெட்போனாலை காதைப் பொத்திக்கொண்டு நிப்பன் எண்டாய். அதுதான் வந்தனான்.”

அன்று பின்னேரம் அண்ணா வீடியோவில் வந்தார். குழந்தையைக் காட்டினார். நடந்ததை நான் அவருக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவர் உற்சாகமாக, “பயப்பிடாதையுங்கோ அம்மா, பிளேனுக்கை காதிலை கொழுவிக்கொண்டு படம் பாக்கலாம். வெளியிலை ஒண்டும் கேக்காது,” என்றார். அம்மா குழந்தையைப் பார்த்து இரண்டு வார்த்தை கொஞ்சிவிட்டுப் போனை என்னிடம் தந்தார்.

“நான் போகேல்லை எண்டு அவனுக்குச் சொல்லு,” என்றார், குசினிக்குப் போகும்போது. “நான் போயிட்டால் உனக்கு ஆர் நிக்கிறது?”

சொன்னேன், வெட்டையில் நடந்ததையும் அம்மாவின் மிசின் கதையையும் சேர்த்து. அண்ணா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்தக் கதை அவருக்கும் அதுவரை தெரியாது. அப்பா இறந்த அன்று அவருக்குப் பதினொரு வயது, பள்ளிக்கூடத்தில் இருந்தவர்.

இப்போது அண்ணாவின் மகள் தவழ்கிறாள். அம்மாவின் விசா ஐந்து வாரத்தில் முடிகிறது. அம்மாவை இனி விமானம் ஏறக் கேட்பதில்லை, விசாவுக்கு மறுபடி விண்ணப்பிப்பதுமில்லை என்று அண்ணாவும் நானும் கதைத்து முடிவு செய்திருக்கிறோம். அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.