சயாமில் தொலைந்த அப்புச்சியைத் தேடிக் கொமரலிங்கம் வரை

1991 தை மாதம், பொங்கல் லீவு முடிவதற்குள் அம்மாவைக் கொமரலிங்கத்துக்குக் கூட்டிப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அம்மாவின் அப்பா, என் அப்புச்சி மாரப்பன், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மலேயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் அவரை இன்றைய தாய்லாந்தான சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அவர் மனைவி, என் அம்மாயி, கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. எங்கள் ஊர் அவிநாசிபாளையத்திலோ, அவர் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டார் என்று பேச்சு. அதைக் கேட்டே அம்மா வளர்ந்தார்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங்கில் இருந்தவள் ஸ்டெல்லா. கொமரலிங்கத்தில் இருக்கும் தன் பெரியப்பா ஆரோக்கியம் சயாம் முகாமில் கிடந்தவர் என்றும், அவிநாசிபாளையத்து மாரப்பன் என்று ஒருவரைப் பற்றிப் பேசுவார் என்றும் ஒருநாள் சொன்னாள்.

அவிநாசிபாளையத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினோம். தாராபுரம் முப்பது கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து மடத்துக்குளம், பிறகு டவுன் பஸ். ஆளுக்குப் பத்து ரூபாய்க்குள் முடிந்தது. கணியூர் தாண்டியதும் வழியெல்லாம் நெல் அறுவடை. அம்மா எதையும் பார்க்கவில்லை. "திரும்பிப் போயிரலாமா கண்ணு?" என்று ஒருமுறை கேட்டார்.

ஆரோக்கியம் அய்யாவுக்கு எழுபது வயது இருக்கும். நாங்கள் யாரென்று சொன்னதும் வெகுநேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு சொன்னார். காடு, விடாத மழை, அடி, அரை வயிற்றுக் கஞ்சி. முகாமில் வாந்திபேதி வந்தபோது, நோயாளிகளைத் தனிக் கொட்டகையில் தள்ளிவிட்டார்கள். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புச்சி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவருக்கும் வந்துவிட்டது.

"தனியாவா போனாருங்க?" என்றார் அம்மா.

"இல்லீங்க அம்மணி. கைய நாந்தான் புடிச்சிருந்தேன். உம்பட பேரத்தான் சொன்னாரு. குழி வெட்ட ஆளில்லீங்க. மூங்கில் அடுக்கி எரிச்சோம்."

அம்மா அழவில்லை. கடையில் எள் வாங்கி வரச் சொன்னார். மூவரும் அமராவதி ஆற்றுக்கு நடந்தோம். தன் அப்பாவுக்கு அம்மா எள்ளும் தண்ணீரும் இறைத்தது அதுதான் முதல் தடவை. கரையில் நின்ற ஆரோக்கியம் அய்யா கையை நீட்டினார்.

"நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, இந்தப் பழக்கமில்லீங்க. ஆனா எனக்கும் கொஞ்சம் குடுங்க அம்மணி. அங்க கெடக்கறவங்களுக்கு ஆருமில்ல."

கையில் மிச்சமிருந்த எள் முழுவதையும் அம்மா அவர் கையில் கொட்டினார்.

போகிறவர்களுக்கு: அணை திறந்திருந்தால் ஆற்றில் இழுப்பு அதிகம், ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். உங்கள் வீட்டிலும் சயாம் போய்த் திரும்பாத ஒருவர் இருக்கலாம். எள் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.