துபாஷி சொல்லாமல் விட்டது

எங்கள் தெருவில் அவருக்கு வைத்த பெயர் துபாஷி, இரண்டு பாஷைக்காரர் என்று அர்த்தம். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் பதினான்கு வருஷம் சமையல்காரராக இருந்தவர். கொதிக்கிற எண்ணெய் இடது கையில் கொட்டி விரல்கள் மடங்கிப்போனதும் ஊர் திரும்பினார். கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் ஒரு கட்டில், ஒரு ரேடியோ; சாப்பாடு அக்கா கையால். கப்பலில் அவர் கற்றுக்கொண்டு வந்தது இரண்டுதான்: கண்ணில் தண்ணீர் வராமல் வெங்காயம் நறுக்குவது, அந்த நாட்டுக்காரர்களின் பாஷை. "ரெண்டும் இந்தத் தெருவுல செல்லாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

செல்லுகிற காலமும் வந்தது. அந்த நாட்டு அரசாங்கமும் நம் அரசாங்கமும் சேர்ந்து எங்கள் பழைய துறைமுகத்தை ஆழப்படுத்தப் போகிறார்கள், கரையோரம் இருக்கும் ஏழு தெருக்களை எடுத்துவிட்டு சரக்குப்பெட்டி அடுக்கும் தளமும் அகலச் சாலையும் போடப் போகிறார்கள், அங்கே இருப்பவர்களுக்கு அடுக்குமாடியில் வீடு கொடுப்பார்கள் என்று செய்தி வந்தது. திட்ட அலுவலகத்துக்குப் பாஷை தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. துபாஷிக்கு ஏசி அறையில் மேஜை கிடைத்தது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எதிர்வீட்டுத் தையல்காரன் நான். முழுக்கைச் சட்டை இரண்டு தைத்துக் கொடுத்தேன். இடது கையை மட்டும் இரண்டு அங்குலம் நீளமாக வைக்கச் சொன்னார், விரல்களை மறைக்க.

அக்காவின் வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக். நாற்பது வயதிலேயே சர்க்கரை கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வேலையை மட்டும் அவர் விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். "மூணாவது சிலிண்டர் இருமுது" என்பார். கழற்றிப் பார்த்தால் மூணாவதுதான். வீட்டு வாசலிலிருந்து பட்டறைக்கு நூற்றுப் பத்து காலடி. கைத்தடி இல்லாமல் விசிலடித்துக்கொண்டே போவார். யாராவது குறுக்கே சைக்கிளை நிறுத்திவிட்டால் தெருவே அவனைப் பிடித்துத் திட்டித் தீர்க்கும்.

பள்ளிக்கூட ஹாலில் ஒரு நாள் காலை கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் நம் பக்கத்துத் திட்ட இயக்குநர், அந்த நாட்டுப் பெண் அதிகாரி, நடுவில் மைக்கோடு துபாஷி. அந்த அம்மா ஏதோ கேட்டார். துபாஷி தமிழில் சொன்னார்: "யாருக்காவது வீட்டுல தனிப்பட்ட சிரமம் இருந்தா சொல்லுங்க. எழுதிக்கிறாங்களாம்."

அக்கா எழுந்தார்.

"என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது. அவரை மாடி வீட்டுல கொண்டுபோய் வச்சா ஒரு மாசம் தாங்க மாட்டார். கீழ்த்தளத்துல, பட்டறைக்குப் பக்கமா ஒரு வீடு கொடுங்க. அது முடியாதுன்னா நாங்க கிளம்ப மாட்டோம்."

அந்த அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு துபாஷியைப் பார்த்தார்.

அன்று காலை காரில் வரும்போது இயக்குநர் துபாஷியிடம் சொல்லியிருந்தார்: "ஒரு ஆட்சேபம் பதிவானாலும் அவங்க விதிப்படி ஆறு மாசம் மறுபடி ஆய்வு. அப்புறம் நானும் இங்க இருக்க மாட்டேன், உங்க மேஜையும் இருக்காது. சின்னச் சின்னக் குறையெல்லாம் நாம உள்ளுக்குள்ள பார்த்துக்கலாம்." இது பின்னாளில் துபாஷியே என்னிடம் சொன்னது. கூட்டம் முடிந்ததும் இயக்குநரிடம் பேசி, அக்காவுக்குக் கீழ்வீடு வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாராம்.

அந்த அம்மாவின் பக்கம் திரும்பி மூன்று வாக்கியம் பேசினார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. மேடையிலிருந்து இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள்.

"கேட்டுக்கிட்டாங்களாடா?" என்றார் அக்கா.

"கேட்டுக்கிட்டாங்கக்கா. உட்காரு."

ஒதுக்கீட்டில் அக்காவுக்கு ஒன்பதாவது மாடி விழுந்தது. இயக்குநரிடம் துபாஷி இரண்டு தடவை போனார். முதல் தடவை அவர் போனில் இருந்தார். இரண்டாம் தடவை, "ஒதுக்கீடு முடிஞ்சுபோச்சே, லிப்ட்தான் இருக்கே" என்று சிரித்தார். அதற்குமேல் துபாஷி வாயைத் திறக்கவில்லை. அக்கா கேட்கும்போதெல்லாம் "சொல்லியிருக்கேன்க்கா" என்றார். எங்கள் தெரு இடிபட்டது அரை நாளில். எனக்கு எட்டாவது மாடி.

புதுக் கட்டடத்தில் எல்லா மாடியும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே மாதிரி. முதல் வாரம் அக்காவின் வீட்டுக்காரர் வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டார். குளித்துவிட்டு வந்த பெண் ஒருத்தி அலறினாள். அவள் புருஷன் ஓடி வந்து, ஆள் யாரென்று தெரியாமல் கன்னத்தில் அறைந்துவிட்டான். அதிலிருந்து அவர் அறையை விட்டு வரவில்லை. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் ஓடும்போது மட்டும் சுவரில் காதை வைத்துக் கேட்பார். "பேரிங் போகுது, சொல்லிவிடு" என்பார். யாரும் போய்ச் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம், ஒரு முற்பகல். அக்கா காய்கறி வாங்கப் போயிருந்தார். மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கரண்ட் இல்லை, லிப்ட் நின்றிருந்தது. படியில் இறங்கினார். ஆறாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி இன்னும் பொருத்தவில்லை. அதற்குப் பதில் ஒரு கயிற்றைக் கட்டி, அதில் சிவப்புத் துணியை முடிந்திருந்தார்கள். கம்பி என்று நினைத்து அந்தக் கயிற்றின் மேல் சாய்ந்திருக்கிறார். கீழே ஏதோ சிமெண்ட் மூட்டை விழுந்த மாதிரி சத்தம் எனக்குக் கேட்டது. நான் தையலை நிறுத்தக்கூட இல்லை.

ஆஸ்பத்திரி, போலீஸ், கையெழுத்து, சுடுகாடு எல்லாவற்றுக்கும் துபாஷிதான் ஓடினார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் அதிகாரி திரும்ப வந்தார். குடியேறியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கவாம். இந்தத் தடவை தன்னோடு சொந்தமாக ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வந்திருந்தார், சின்னப் பெண். அலுவலகத்தின் சார்பில் துபாஷியும் பின்னால் வந்து அக்கா வீட்டுக் கதவோரம் நின்றார். கூட்டத்துக்குப் பயந்து அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார்.

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். சின்னப் பெண் சொன்னாள்: "உங்களை மறக்கவே இல்லையாம். புது வீடு உங்க வீட்டுக்காரருக்கு வசதியா இருக்கும்னு அன்னைக்கு முதல்ல எழுந்து நன்றி சொன்னது நீங்கதானாம். எங்க அவர்னு கேக்கறாங்க."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "நன்றியா? நான் நன்றி சொல்லலையேம்மா. அவருக்குக் கண் தெரியாது, கீழ்வீடு கொடுங்கன்னு கேட்டேன்."

சின்னப் பெண் அதை அப்படியே சொன்னாள். அந்த அம்மா அக்காவின் கையை விட்டுவிட்டார். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சின்னப் பெண் தயங்கினாள்.

"சொல்லும்மா" என்றார் அக்கா.

"கண் தெரியாதவங்க, நடக்க முடியாதவங்களுக்குன்னே கீழ்த்தளத்துல நாற்பது வீடு ஒப்பந்தத்துல இருந்துச்சாம். கேட்டிருந்தா கொடுத்தே ஆகணுமாம். யாரும் கேக்கலைன்னு பதிவாகியிருக்கிறதால கடைக்கு விட்டுட்டாங்களாம்."

அக்கா கதவுப் பக்கம் திரும்பினார். துபாஷி சட்டையின் இடது கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க வா. நான் அன்னைக்குச் சொன்னதை இப்ப நீ சொல்லு. உன் வாயால."

அவர் சொன்னார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் நடுவில் இரண்டு தடவை நின்றதும், அக்கா "ம்" என்றதும் தொடர்ந்ததும் தெரியும். சின்னப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். இப்போது வேண்டுமானால் கீழ்வீடு ஒன்றுக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார்.

"எனக்குக் கண் நல்லாத் தெரியுதே. எனக்கு எதுக்கு?" என்றார் அக்கா.

அதையும் துபாஷிதான் மொழிபெயர்த்தார்.

அவர்கள் போன பிறகு அவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா தடுக்கவில்லை. "ஒரு வார்த்தை விடாம சொன்னியே. வருதுல்ல உனக்கு?" என்றார். பிறகு கூட்டம் உட்கார்ந்து போன பாயைச் சுருட்டி வைத்தார்.

வேலையிலிருந்து அவரை எடுக்கவில்லை. பதிவு திருத்தப்படும் என்று ஒரு கடிதம் வந்ததோடு சரி. அக்கா அவரை வீட்டை விட்டுத் துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை. மறுநாள் வேளை தவறாமல் தட்டு வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்:

"வாங்க. உட்காருங்க. சாப்பிடுங்க."

துபாஷி நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, என்னை டா போட்டுத் திட்டுக்கா."

"ஐயோ, பெரிய ஆபீஸ்ல இருக்கறவங்களை அப்படிச் சொல்லலாமா? குழம்பு போதுங்களா?"

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எட்டாவது மாடியில் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது, தினமும் மதியம், ரொம்ப மரியாதையாக.