பலகையில் முதல் பெயர்

பேருந்தின் சத்தம் சட்டென்று அடங்கியதுதான் எனக்கு முதலில் உறைத்தது. பொன்முடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் அலுவலகமே கூடிப் பாடிக்கொண்டிருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து ஒற்றை இருக்கையில் இருந்த எனக்கு மட்டும், அதுவரை உறுமிக்கொண்டு வந்த எஞ்சின் வெறும் முனகலாகச் சுருங்கியது கேட்டது. கியர்க் கம்பியைப் பார்த்தேன். நியூட்ரலில் கிடந்தது. அதாவது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இனித் தொடர்பு கிடையாது. வண்டி தன் பாரத்திலேயே மலைச்சரிவில் உருண்டுகொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்த பிரேக் ஒன்றுதான் மிச்சம். எதிரே அடுத்த கொண்டை ஊசி வளைவு தெரிந்தது.

ஓட்டியவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர்களின் போக்குவரத்தைக் கவனிப்பது என் வேலை. ஒப்பந்தக்காரர் ஒருவர் பேருந்துகளையும் ஓட்டுநர்களையும் அனுப்புவார். ஓட்டுநர்களில் மற்ற எல்லோரும் மலையாளிகள்; அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்துக்காரர். என் அப்பா இங்கே கிழக்கேகோட்டையில் கடைக் கணக்கு எழுதுவதற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அதனால் அந்த அலுவலகத்தில் தமிழில் பேசிக்கொள்ள எனக்கு அவரும் அவருக்கு நானும்தான். எனக்குச் சட்டென்று யாரையும் பிடித்துவிடாது. நெடுஞ்சாலை நெரிசலில் ஹாரனைத் தொடாமல் வண்டி ஓட்டும் அந்த மனிதரைப் பிடித்திருந்தது.

டீசல் செலவைக் குறைத்துச் சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. முதலில் ஒரு கூட்டம் போட்டார்கள். கோட்டு அணிந்த ஒருவர் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு பனிப்பாறை உருகுவதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார். ஓட்டுநர்கள் கொட்டாவி விட்டுவிட்டு, வெளியே போய் எஞ்சினை ஓடவிட்டபடியே டீ குடித்தார்கள். பிறகு எங்கள் மனிதவளப் பிரிவில் யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது. வரவேற்பறையில் ஒரு பலகை மாட்டினார்கள். ஒரு லிட்டருக்கு யார் அதிக தூரம் ஓட்டினாரோ அந்த வரிசையில் ஓட்டுநர்களின் பெயர். முதலாமவருக்கு மட்டும் பெரிய புகைப்படம், அதன் கீழே ‘பசுமை ஓட்டுநர்’ என்ற பட்டம். பணம் காசு எதுவும் இல்லை. ஆனால் சில வாரங்களிலேயே காத்திருக்கும் நேரங்களில் எஞ்சின்கள் அணைந்தன. காலையில் டயருக்குக் காற்று பார்க்காமல் ஒருவரும் வண்டியை எடுக்கவில்லை. இந்த ஜனங்களா இப்படி என்று எனக்கு ஆச்சரியம்.

அண்ணாச்சிதான் தொடர்ந்து முதலில் வந்தார். அவருடைய சட்டை இஸ்திரி காணத் தொடங்கியது. டீக் கோப்பையோடு பலகைக்கு எதிரே நின்று, வேறு எதையோ பார்ப்பதுபோல் தன் படத்தைப் பார்த்துக்கொள்வார். “மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க அண்ணாச்சி” என்று கேலி செய்தால் முகம் காது வரை சிவந்துவிடும். ஆனால் அந்த மாதம் இன்னொருவர் நெருங்கி வந்துகொண்டிருந்தார். அப்போது பார்த்து, டீசலை மிச்சம் பிடித்ததற்காக எங்கள் கிளைக்கு ஒரு விருது கிடைத்து, அதைக் கொண்டாடப் பொன்முடிச் சுற்றுலா வைத்தார்கள். ஏற்றம் முழுக்க வண்டி டீசலைக் குடித்துத் தள்ளியது. இறங்கக் கிளம்பும்போது அண்ணாச்சி என்னிடம், “ஏத்தத்துல குடிச்சதையெல்லாம் எறக்கத்துல திருப்பி வாங்கணும் மேடம்” என்றார். நான் சிரித்தேன். என்ன சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கியர்க் கம்பியைப் பார்த்தபோது புரிந்தது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, கியரில் போடுங்கள் என்றேன். இந்த ஒரு வளைவு தாண்டட்டும் என்றார். அது தாண்டியது; அடுத்ததும் தாண்டியது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை இன்னும் ஆழமாக மிதித்தார். ரப்பர் கருகுவதுபோல் ஒரு வாடை உள்ளே வந்தது. அப்புறம் அவரே கியரைப் போடப் பார்த்தார். அது கரகரவென்று சத்தம் போட்டதே தவிர விழவில்லை. பிரேக் பிடிக்காமல் வேகம் அதற்குள் கூடியிருந்தது. மறுபடி முயன்றார். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு முன்னாலிருந்த கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். பாட்டு நின்றுவிட்டது. எதிரே ஒரு ஜீப் ஏறி வந்தது. வண்டியை மலைப்பக்கமாக ஒடித்து, இடது சக்கரங்களைச் சாலையோர ஓடைக்குள் இறக்கி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். பக்கவாட்டுத் தகரம் பாறையில் உரசிக்கொண்டே போய், ஒரு குலுக்கலோடு வண்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். பிரேக் தானாகப் பழுதாகிவிட்டது, அண்ணாச்சி எல்லோரையும் காப்பாற்றிவிட்டார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் அழுதுகொண்டே வந்து அவர் கையைப் பிடித்து, எவ்வளவு நன்றாக ஓட்டினீர்கள் என்று மலையாளத்தில் சொன்னாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாகச் சொன்னார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்த இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். எனக்குக் கோபம். நியூட்ரலில் விட்டதைப் பார்த்தேன், இதை மேலே சொல்லாமல் விடமாட்டேன் என்றேன். சொன்னால் அவர் வேலை போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“நீங்க சொல்லாண்டாம் மக்ளே. நானே சொல்லுகேன்” என்றார். வேலைநேரத்தில் அதுவரை என்னை அவர் மேடம் என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். சொல்வார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அதற்குள், அவர் எல்லோரையும் காப்பாற்றினார் என்ற செய்தி மேலே போய்விட்டது. திங்கட்கிழமை ஓட்டுநர்களை எல்லாம் கூட்டி, அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடாகியிருந்தது. உயிர்களைக் காப்பாற்றியதற்கு ஒரு பாராட்டு, டீசலை மிச்சம் பிடித்ததற்கு இன்னொரு பாராட்டு. எப்படி மிச்சம் பிடிப்பது என்று மற்றவர்களுக்கு அவர் பாடமும் எடுக்க வேண்டும். அவர் வாயைத் திறக்காவிட்டால் நான்தான் எழுந்து நிற்க வேண்டும். பொது மேலாளர் சிரித்துக்கொண்டே பொன்னாடையைப் பிரித்தார்.

அண்ணாச்சி கையைக் காட்டி அதைத் தடுத்தார். மலையாளத்தில்தான் பேசினார். பிரேக் தானாகப் போகவில்லை, டீசல் மிச்சமாகட்டும் என்று நான் நியூட்ரலில் விட்டதால் சூடேறிப் போனது, சுவரில் என் படம் இருக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பேரின் உயிரைப் பணயம் வைத்தேன் என்றார். குரல் உயரவில்லை. பொது மேலாளர் பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்வரிசையிலிருந்து மலையாளத்தில் ஒரு குரல் வந்தது. “ஞானும்.” நானும்தான் என்று சொன்னவர் பலகையில் இரண்டாவதாக இருந்தவர். மேம்பாலச் சரிவுகளில் தினமும் அப்படித்தான் விடுகிறாராம். அவருக்குப் பின்னாலிருந்து இன்னொருவர், “ஞானும்.” அப்புறம் இன்னொருவர். பலகையில் மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். கடைசிப் பெயருக்குரியவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் டீசலை வீணாக்குகிறார், மாற்றிவிடுங்கள் என்று ஒப்பந்தக்காரரிடம் அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள்.

பலகையை அன்றே கழற்றினார்கள். இப்போது எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு; யாருடைய பெயரும் கிடையாது. மிச்சமாகும் டீசல் முன்புபோல் இல்லை. ஆனாலும் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்கும் பழக்கம் போகவில்லை, டயருக்குக் காற்று பார்ப்பதும் போகவில்லை. யாரும் பார்க்காமலே செய்கிறார்கள். பின் எதற்காகச் செய்கிறார்கள் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊழியர்களைப் பசுமைக்குத் திருப்புவது எப்படி என்று புதிதாக ஒருவர் படக்காட்சி போட்டுப் பேச வந்தால், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அண்ணாச்சியை ஒப்பந்தக்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவருக்காக நான் வாதாடினேன். வாதாடும்போதே, அந்த வளைவுகளை நினைத்து அவர்மேல் கோபம் பற்றிக்கொண்டும் வந்தது. இரண்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று, நீங்கள் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத்தன வருசமா ஸ்டியரிங்கு வளையம் புடிக்கேன் மக்ளே. நல்லா ஓட்டினீங்கன்னு ஒரு ஆளு எறங்கிப் போவும்போ எங்கிட்டச் சொன்னதில்ல. மொத மொதல்ல சொன்னது, கையப் புடிச்சு அழுத அந்தப் பிள்ளதான். தப்பா ஓட்டின அன்னைக்குப் போயி சொல்லிட்டாளே.”