ஷாயிஸ்தாவின் நோட்டில் பதினாறு தாள்

குளியலறை வரிசையில் வாளியோடு நின்றுகொண்டு ஆங்கிலச் சொற்களை முணுமுணுக்கிற பெண்கள் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஹால் என்கிற விடுதி எல்லாவற்றிலும் உண்டு. எல்லோருக்கும் அமெரிக்கா போக வேண்டும், அதற்கு ஜிஆர்இ தேர்வு எழுத வேண்டும். ஆனாலும் என் அறைத்தோழி மொர்ஜினாவைப் போல வெறி பிடித்தவளை நான் கண்டதில்லை. தலையில் சோப்பு நுரையோடு வெளியே எட்டிப் பார்த்து, "கோஹி, நாற்பத்திரண்டாவது சொல் என்னடி?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். என் முழுப்பெயர் கோஹினூர் பேகம். கோஹி என்று கூப்பிட அவளுக்கு மட்டும்தான் உரிமை.

மொர்ஜினா வடக்கே குரிகிராம் பக்கத்துக்காரி. அவர்கள் வீட்டை ஆற்றுவெள்ளம் இரண்டு முறை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மண்ணியலில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, அரசாங்க வேலைத் தேர்வுக்கு வயது வரம்பு முடிகிற அந்தக் கடைசி ஆண்டில், அதை எழுதாமல் ஜிஆர்இயைப் பிடித்துக்கொண்டாள். அவள் அண்ணன் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப்போகுது, பாத்துக்கோ!"

நெப்ராஸ்காவில் ஒரு பேராசிரியர் அவளுக்கு இடம் வைத்திருந்தார். ஆங்கிலப் பகுதியில் நூற்றைம்பது எடுத்தால் போதும். முதல் தடவை நூற்று நாற்பத்துமூன்றுதான் வந்தது. இது இரண்டாவது. இதிலும் தவறினால், விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் மறுபடி எழுத வழியில்லை.

அவளுடைய வேதம் ஷாயிஸ்தா ஆபாவின் நோட்டு. எங்களுக்கு மூத்தவரான ஷாயிஸ்தா ஆபா, அதாவது ஷாயிஸ்தா அக்கா, கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் பட்ட வரிசையில் கையால் எழுதிவைத்த தாள்கட்டு. அகரவரிசை கிடையாது, பக்க எண் கிடையாது. விமானம் ஏறும்போது அதை மொர்ஜினாவிடம் கொடுத்து, "இது போதும், வேற எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை நீல்கேத் புத்தகக் கடைத்தெருவில் கொடுத்துத் தைத்துவரப் போனது நான். பாழாய்ப்போன மழை அன்றைக்குத்தான் பெய்ய வேண்டுமா? முழங்கால் தண்ணீரில் ரிக்‌ஷா குலுங்கியது, கட்டு சரிந்தது. பதினாறு தாள் சாக்கடைத் தண்ணீரில் விழுந்து மை கரைந்து போயிற்று. நானூறு தாளில் பதினாறு போனால் யாருக்குத் தெரியும் என்று மீதியைத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு மாதம் திறக்கவில்லை.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. சனிக்கிழமை, கான்டீன். எங்கள் கான்டீன் பருப்பில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அதை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த அறை லுப்னா போனோடு வந்து உட்கார்ந்தாள். ஷாயிஸ்தா ஆபா போவதற்கு முன்பே முழு நோட்டையும் போட்டோ எடுத்துவைத்திருந்த கெட்டிக்காரி.

"மொர்ஜினா ஆபா, கேக்கட்டுமா?"

"கேளு. அஞ்சு தடவை முடிச்சாச்சு."

இருபது சொல் பட்பட்டென்று போயிற்று. பிறகு லுப்னா வேறு பக்கத்துக்கு நகர்த்தினாள். "பிளாகேட்?" மொர்ஜினா விழித்தாள். "பெர்ஃபங்க்டரி?" பதில் இல்லை. "ஓபேக்? லாகோனிக்?" அதுவும் இல்லை. பக்கத்து மேசைக்காரிகள் சிரித்தார்கள். "ஆபாவுக்குப் பருப்பு தலைக்கேறிடுச்சு!"

எனக்குக் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

"இதெல்லாம் அந்த நோட்டுலயா இருக்கு?" என்றாள் மொர்ஜினா.

"அதே நோட்டுதான் ஆபா. கையெழுத்தப் பாருங்க."

பார்த்தாள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவள் நோட்டைத் திறக்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அஞ்சு தடவை படிச்சிருக்கேன் கோஹி. மறந்துபோனாக்கூடப் பரவால்ல, பாத்த ஞாபகமே இல்லடி. என் மூளை மக்கிப்போச்சு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். லுப்னாவிடமிருந்து அந்தப் பக்கங்களின் படங்களை என் போனில் வாங்கி, "இத மட்டும் இன்னொரு தடவை பாத்துடேன்" என்று நீட்டினேன். "அஞ்சு தடவைல ஏறாதது ஆறாவதுல ஏறிடுமா? சும்மா இரு" என்றாள். அன்று மாலை அவள் ஒரு வாய்ப் பொரிகூடத் தின்னவில்லை. சொன்னால் என்னை வெட்டிப்போடுவாள். சொல்லாவிட்டால் அவளே அவளை வெட்டிப்போட்டுக்கொள்வாள்.

"மொர்ஜினா, உன் மூளைக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பதினாறு தாள் உன் நோட்டுலயே இல்ல. நான்தான் தொலைச்சேன்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

எழுந்து உட்கார்ந்தாள். நோட்டை எடுத்து, லுப்னாவின் படங்களோடு ஒவ்வொரு தாளாக ஒத்துப் பார்த்தாள். அரை மணி நேரம். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"முன்னூத்திப் பன்னெண்டு சொல்லு. முழுசா நாலு நாள் இருக்கு. காலைல லைப்ரரி வரிசைல என் பைய நீ கொண்டுபோய் வைக்கணும், கோஹினூர் பேகம்."

அந்த நான்கு நாளும் எனக்கு அதுதான் பெயர். விடியும் முன்பே போய், நூலக வாசலில் இடம் பிடிக்க வரிசையாகக் கிடக்கிற நூறு பைகளுக்குப் பின்னால் அவள் பையை வைத்து, கதவு திறக்கும்வரை காவல் நின்றேன். பகலெல்லாம் சொல் கேட்டேன். சரியாகச் சொல்வாள், தவறினால் மறுபடி சொல்வாள். சொற்களைத் தவிர ஒரு வார்த்தை என்னோடு பேசவில்லை. பெர்ஃபங்க்டரிக்கு ஏனோதானோவென்று செய்வது என்று அர்த்தம் சொன்னபோது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பனானியில் இருந்த தேர்வு மையத்துக்கு நானும் கூடவே போனேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் உள்ளே போனதும் எதிரே, சமோசா மாதிரி சிங்காரா பொரிக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து டீ குடித்தேன், தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன். மதிப்பெண் திரையில் உடனே வந்துவிடும். வெளியே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று.

வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பதினாறு தாள்லேர்ந்து ஒரு சொல்லுகூட வரல."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "மார்க்கு?"

"நூத்தி அம்பத்தொண்ணு."

நான் 'ஹா' என்று கத்தியதில் டீக்கடைக்காரர் கையிலிருந்த கரண்டியே விழுந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அப்ப அந்தத் தாளு இல்லாமலே நீ ஜெயிச்சிருப்பேடி! நான் பாட்டுக்கு வாய மூடிட்டு இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதே!"

அவள் என் டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"நீ உண்மையச் சொன்னேல்ல, அன்னிக்குக் காலைல பரீட்சைப் பதிவ ரத்து பண்ற பக்கத்தத் திறந்து வச்சிருந்தேன். பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. சாயங்காலம் எப்படியாவது ரத்து பண்ணிடலாம்னு படுத்திருந்தேன்" என்றாள். பிறகு கடைக்காரரைப் பார்த்து, இரண்டு டீ என்று விரலைக் காட்டினாள். "கோஹி, பசிக்குது. சிங்காரா சொல்லு."