கொய்யா வேரைக் காட்டக் கும்மிடிப்பூண்டிக்கு

பங்குனி முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமை, திருவள்ளூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போய்வந்தேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கப் போனேன். பயிர் நோய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நுண்ணோக்கி முன்னால் நாள் முழுக்க உட்காரச் சொன்னால் உட்காருவேன். நாலு பேர் முன்னால் நின்று ஒன்றைக் கேட்கச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன்.

விஷயம் இதுதான். திருவள்ளூர்ப் பக்கத்து நாற்றங்கால்கள் சிலவற்றில் கொய்யாக் கன்றுகளை வேர்முடிச்சு நூற்புழு தாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத புழு. வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கும், பிறகு செடி மெல்லச் சாகும். மண்ணைச் சுத்தப்படுத்தும் முறைகளை மூன்று நாற்றங்கால்களில் சோதிக்க ஒரு திட்டம் எழுதினேன். இரண்டு இடங்களில் நிராகரித்தார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம், தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று யோசிக்க, அரை மணி நேரம் ஒதுக்கியது.

சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் திருவள்ளூருக்கு ஒன்றேகால் மணி நேரம். காலையில் எதிர்த்திசையில்தான் கூட்டம், அதனால் உட்கார இடம் கிடைக்கும். நிலையத்திலிருந்து திருப்பாச்சூருக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். அங்கே நாற்றங்கால் நடத்தும் செல்வராணி, வாடகை ஆம்னி வேனில் கன்றுகளை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். மஞ்சளாகிக் குறுகிப்போன கன்றுகளாக ஆறு எடுத்து வையுங்கள் என்று முன்தினமே போனில் சொல்லியிருந்தேன். ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தது. என் காகிதங்களை மூன்று தடவை சரிபார்த்தவன், அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வேனுக்குப் போகவர இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். தூரம் ஒரு பக்கம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓட்டுநர் தாஸ் பேச்சுக்காரர்.

"சீக்குக் கன்னுக்கு ஏசி ஆபீசா சார்? எனக்கு ஜொரம் வந்தா ஊட்ல ஃபேன் கூட சுத்தாது."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு. உன்ன ஆராய்ச்சி பண்ண எவன் டப்பு குடுப்பான்?" என்றார் செல்வராணி.

பெரியபாளையத்தில் நாஷ்டாவுக்கு நிறுத்தினோம். இட்லி நன்றாக இருந்தது. எனக்குத்தான் ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. ஆடி, ஆவணி ஞாயிறுகளில் அம்மன் கோயில் கூட்டத்தால் இந்த வழியில் வண்டி நகராது. மற்ற நாட்களில் சிக்கல் இல்லை. கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலை ஏறியதும் லாரிகளுக்கு நடுவே பதினைந்து நிமிடம். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் ஆதார் அட்டையும், முன்மூடிய காலணியும் கொண்டுபோங்கள். செல்வராணியின் செருப்பைப் பார்த்துக் காவலர் தயங்கினார். பிறகு கனமான இரும்பு முனைக் காலணி ஒரு ஜோடியை இரவல் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் செல்வராணி கூட்ட அறைக்குள் டக் டக்கென்று நடந்துவந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் நிறுவனத்தின் நிதிக் குழுவினர் மூன்று பேர். சாக்கை விலக்கினேன். ஆறு கன்றும் தளதளவென்று இருந்தன. ஒரு மஞ்சள் இலை இல்லை.

"நோய்க் கன்று எங்கேம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மொத தபா ஒருத்தர் எடத்துக்கு வரோம். சீக்குச் செடியவா தூக்கினு வருவாங்க? மரியாதயா இருக்குமா சார்? இருக்கறதுலயே நல்லதா பொறுக்கினு வந்தேன்."

குழுவின் தலைவர் சிரித்தார். "செடிங்க நல்லாத்தான இருக்கு. அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி?"

என் தயாரிப்பு முழுதும் மறந்துபோனது. ஒன்று மட்டும் நினைவிருந்தது. செத்த கன்றின் பையிலுள்ள மண்ணை நாற்றங்காலில் யாரும் வெளியே கொட்டுவதில்லை. செம்மண் லோடு விலை அதிகம் என்பதால் அதைத் திரும்பக் குவியலிலேயே கலப்பார்கள். இந்த ஆறும் அந்தக் குவியலில் வளர்ந்தவை. இலை பச்சையாக இருக்கும்போதே வேரில் முடிச்சு இருக்கலாம்; வேரைப் பார்த்தால் தெரியும். ஆனால் வேர் சுத்தமாக இருந்தால் நிதி கைநழுவிப் போகும். முடிச்சு இருந்தால், செல்வராணி விற்பது நோய்ச்செடி என்று அவர் முன்னாலேயே நான் நிரூபித்ததாகும். இரண்டில் எது நடந்தாலும் தாங்கமாட்டேன் என்று தோன்றியது.

அவரிடமே கேட்டேன். "ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்க்கலாமா? உங்கள் சரக்கு. வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்."

ஒரு கன்றைத் தூக்கி என் பக்கம் நகர்த்தினார். "கியிங்க சார். எனக்கும் தெரிய வேணாமா?"

ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, பையைக் கிழித்து, அதில் மண்ணைக் கரைத்தேன். வேர் முழுக்க முடிச்சு. இரண்டாவதைச் செல்வராணியே கிழித்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கெயம இந்த லாட்ட ஒரு தோட்டத்துக்கு ஏத்தறதா இருந்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

சோதனையை எங்கே தொடங்குவீர்கள் என்று தலைவர் கேட்டார். "என் எடத்துலயே பண்ணுங்க" என்றார் செல்வராணி. "ஆனா கொளுத்தப்போற கன்னுக்கு யாரு பதில் சொல்றது?"

நோய்க் கன்றுகளைக் கொளுத்திவிட்டு உரியவருக்கு ஈடு கொடுக்கும் செலவை நான் திட்டத்தில் எழுதியிருந்தேன். தொகை கூடினால் மறுத்துவிடுவார்கள் என்று பயந்து, அனுப்புவதற்கு முன் அந்த வரியை அடித்துவிட்டேன்.

"ஐயா, நான் கேட்ட தொகை போதாது" என்றேன். இந்தத் தடவை பாதியை விழுங்கவில்லை. "அழிக்கும் கன்றுகளுக்கு ஈடு கொடுக்காமல் எந்த நாற்றங்காலும் உண்மையைச் சொல்லாது. அது இல்லாமல் இந்த ஆராய்ச்சி வேண்டாம்."

மூவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். தொகையைக் கூட்ட முடியாது என்றார்கள். மூன்று நாற்றங்கால்களுக்குப் பதில் ஒன்றில் செய்து, மிச்சத்தை ஈட்டுக்கு ஒதுக்குங்கள் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். ஒன்றை ஒழுங்காகச் செய்தால் அடுத்ததைக் கேட்க முகம் இருக்கும்.

திரும்பும் வழியிலேயே செல்வராணி தோட்டக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணா, அந்தக் கன்னு வேணாம்ணா. வேர்ல சீக்கு... ஆமா, நானேதான் சொல்றேன்."

"வர்ற லட்சுமிய இப்டியா யக்கா தொரத்துவ?" என்றார் தாஸ்.

நிதி கேட்டுப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: கொண்டுபோகும் மாதிரியை முந்தின நாளே கண்ணால் பாருங்கள். கேட்கப் பயந்து எந்தச் செலவையும் அடிக்காதீர்கள். கன்று வாங்கப் போகிறவர்களுக்கு: எவ்வளவு பச்சையாக இருந்தாலும், ஒரு கன்றுக்குக் காசு கொடுத்து, அங்கேயே பையைக் கிழித்து வேரைப் பாருங்கள்.

திருப்பாச்சூருக்குப் போனால் செல்வராணியிடம் மா, நெல்லி கிடைக்கும். கொய்யா இப்போது இல்லை. சூட்டில் புழு சாகட்டும் என்று, நனைத்த மண்மீது பிளாஸ்டிக் தாள் விரித்து, சித்திரை வெயிலில் போட்டிருக்கிறோம். போன வாரம் ஒருவர் வந்து கொய்யாதான் வேண்டும் என்று வாசலிலேயே நின்றார்.

"மண்ணு வேவுதுங்க" என்றார் செல்வராணி. "வெந்ததுக்கு அப்பால வாங்க."